எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றுமூன்றுக்கும் நடுவே

கல்லுக்காடு, நாமக்கல்
14.11.2024

அம்மிணி தனப்பிரியாவுக்கு,

மாமன் கந்தப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை பாப்பாயியும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம், அதனால் அதையும் எழுதிவிட்டேன்.

போனில் பேசச் சொல்லி உன் அண்ணன் கலையரசன் ஆள் அனுப்பினான். முப்பது வருஷம் போர் போடுகிற ரிக் வண்டியில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்ற காது இது. போனை வைத்தால் எனக்குக் கொர்ரென்று ஒரு சத்தம்தான் வரும். ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடந்தபோது ஊட்டுக்குக் கடுதாசிதான் போடுவேன். இப்போதும் எனக்கு அதுதான் வரும். பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சக்கரு திரும்பி வந்துவிட்டது.

உன் புருஷன், எம் பையன் சபரி வைத்த பேர்தானே அது. முட்டை ஊர்க்காரன் வேறென்ன பேர் வைப்பான்! ரோகிணிக்குக் கொஞ்சம் கீழே, வெறுங்கண்ணுக்குச் சிக்காமல், பைனாகுலரில் மட்டும் ஆரஞ்சாக மினுங்குகிறதே, அதே நட்சத்திரம். அவன் வைகாசியில் பைபாஸில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தபோது அது சூரியனுக்குப் பக்கத்தில், பகலில் இருந்தது. இப்போது பொழுது விழுந்து கொஞ்ச நேரத்தில் கிழக்கே ஏறிவிடுகிறது. லாரி பாடி கட்டும் பட்டறையில் அவன் வெல்டிங் வைத்து வாங்கிய ஸ்டாண்டு மொட்டை மாடியில் அப்படியே கிடந்தது. துருவைத் துடைத்துப் பைனாகுலரை மாட்டிவிட்டேன்.

அவன் எத்தனையோ நாள் என்னை டார்ச் பிடிக்க வைத்திருக்கிறான். எண்பத்தொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்றுமூன்று என்று நடுப்புள்ளி வைக்காமல் படத்தில் எழுதிய மூன்று வெள்ளை நட்சத்திரங்கள் மாறாமல் இருக்கும், மஞ்சக்கரு மட்டும் ஏறி இறங்கும். எந்த இரண்டுக்கு நடுவே நிற்கிறது என்று பார்த்து எண் போட வேண்டும். எண் பெரிசானால் மங்கல். என்ன கணக்கோ, வெள்ளைக்காரன் கணக்கு.

நேற்று 8.8. எண்பத்தெட்டாம் நட்சத்திரத்தோடு சரிக்குச் சரி. நட்சத்திரம் பார்க்கிற சங்கம் அவன் பேருக்குக் கொடுத்த மூன்றெழுத்திலேயே அவர்களுக்கு அனுப்பிவிடு. ஏழு வருஷம் பார்த்தான். அந்தப் புள்ளிகள் அறுந்துபோகக் கூடாது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கந்தப்பன்


ஆத்தூர்
2.12.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. 8.8 என்று ஏற்றிவிட்டேன். உலகம் முழுக்க நட்சத்திரம் பார்ப்பவர்கள் எண்களை அனுப்பும் பக்கம் அது. சபரியின் மூன்றெழுத்தையும் கடவுச் சொல்லையும் அடித்ததும் "நல்வரவு, சபரிநாதன்" என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாப்பிடப் போய்விட்டேன்.

காலையில் எழுகிறேன். ஜவ்வரிசி மில் ஆபீஸில் பில் போடுகிறேன். கிழங்கு லாரிகள் வருகின்றன, போகின்றன. ஊறிய கிழங்கின் புளிப்பு வாடை முதல் வாரம் குமட்டியது, இப்போது தெரிவதே இல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அண்ணன் ஒரு வரன் கொண்டு வந்திருக்கிறான். தலைவாசலில் உரக்கடை வைத்திருக்கிறார், பெயர் நந்தகுமார். அவரும் மனைவியை இழந்தவர். வீட்டுக்கு வந்த அன்று காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கொண்டுபோய் வைத்தார். எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எதுவுமே பிடித்த மாதிரியும் இல்லை, பிடிக்காத மாதிரியும் இல்லை.

ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பதில் சொல்லப் போவதில்லை. பெண் பார்க்க வந்து, "இந்தப் புள்ளதான் எங்க ஊட்டுக்கு"ன்னு முதலில் சொன்னது நீங்கள்தான். போ என்றாலும் இரு என்றாலும் அதையும் நீங்களே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். கருமாதி அன்று உங்கள் பங்காளி வீட்டு அம்மா கூடத்தில் வைத்து, "வந்த ரெண்டே வருஷத்துல பையனை முழுங்கிட்டா"ன்னு சொன்னாள். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தனப்பிரியா


கல்லுக்காடு
20.12.2024

அம்மிணி,

மழை விட்டு வானம் வெளுத்திருக்கிறது. மஞ்சக்கரு ஏறுகிறது! 4ஆம் தேதி 8.6. 11ஆம் தேதி 8.5. நேற்று 8.4. இந்த மாதிரிச் சுறுசுறுப்பாக ஏறி நான் பார்த்ததில்லை. சபரி இருந்தால் குதித்திருப்பான்.

பக்கத்துக் காட்டு முருகானந்தம் புதிதாகக் கோழி ஷெட் போட்டிருக்கிறான். பகல் வெளிச்சம் கோழிக்குப் பத்தாதாம், பொழுது விழுந்தும் லைட்டைப் போட்டு அதுகளை ஏமாற்றினால்தான் முட்டை குறையாதாம். அவன் அணைக்கிற வரைக்கும் நான் மாடியில் குந்தியிருக்க வேண்டியிருக்கிறது. போய்ச் சண்டை போட்டேன். அவன் என்னவோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை, வந்துவிட்டேன்.

அந்தம்மா சொன்னதும் அப்படித்தான் சாமி. சத்தியமாக என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டால், அதுவும் தெரியாது. அன்றைக்கு என் கையில் யாரோ சோற்றை வைத்தார்கள், யார் என்றுகூட நினைவில்லை.

உன் அத்தை மாடிக்கே வருவதில்லை. "ஏனுங்க, அதைய எதுக்குங்க பாத்துட்டு" என்று வாயசைப்பாள், உள்ளே போய்விடுவாள்.

நீ கேட்டது இருக்கிறது. தை பிறக்கட்டும், எழுதுகிறேன். எண்களை மட்டும் மறக்காமல் ஏற்றிவிடு.

கந்தப்பன்


ஆத்தூர்
9.1.2025

மாமா,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்று எண்கள் இருக்கின்றன. அண்ணன் தினமும் என் முகத்தைப் பார்க்கிறான். நந்தகுமார் வீட்டில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? நான் என்னவென்று சொல்வது, எங்கள் மாமா நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம் வந்ததே ஒரு ஆறுதலாக இருக்கிறது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அனுப்பியதையும் அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். ஹங்கேரி நாட்டில் ஒருவர் இருக்கிறார், ஜப்பானில் இரண்டு பேர். அவர்கள் எல்லோருக்கும் மஞ்சக்கரு மங்கிக்கொண்டு போகிறது. நவம்பரில் 8.8, நீங்கள் போட்டதும் அதுவேதான். டிசம்பரில் அவர்கள் 8.9, 9.0 என்கிறார்கள். நீங்கள் 8.4 என்கிறீர்கள். அவர்களுடைய புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கீழே இறங்க, சபரி பெயரில் இருப்பது மட்டும் தனியாக மேலே போகிறது.

அவர் போட்ட எண்ணை யாரும் இதுவரை தப்பு என்று சொன்னதில்லை மாமா. ஒரு நாள் சந்தேகம் இருந்தால் அனுப்பவே மாட்டார்.

கண்ணில் புரை இருக்கலாம். புரை விழுந்தால் வெள்ளை மங்கும், மஞ்சளும் ஆரஞ்சும் அவ்வளவாக மங்காது என்று படித்தேன். டாக்டரைப் பாருங்கள். அதுவரை நான் எதையும் ஏற்றப் போவதில்லை.

தனப்பிரியா


கல்லுக்காடு
24.1.2025

தனப்பிரியாவுக்கு,

பொங்கல் வந்தது, போனது. நாங்கள் வைக்கவில்லை.

நாமக்கல் போய்க் கண் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தம்மா எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னதில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "புரையே இல்லைங்க ஐயா! உங்க வயசுக்கு இந்தக் கண்ணு அதிசயமுங்க!" போதுமா?

காதுதான் போய்விட்டது, கண்ணையும் பிடுங்கப் பார்க்கிறாய். ஹங்கேரிக்காரன் பனிக்குள் நின்றுகொண்டு பார்க்கிறான், அவனுக்கு மங்கலாகத்தான் தெரியும். நான் நம்ம காட்டு மாடியில் துணியில் துடைத்த மாதிரி இருக்கிற வானத்தைப் பார்க்கிறேன். நேற்று 8.2. எண்பத்தொன்றை எட்டிப் பிடிக்கப் போகிறது. நான் என்ன பொய்யா சொல்கிறேன்?

நீ ஏற்றவில்லை என்றால் ஏற்றாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவன் கைபட்டது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. பைக்கை விற்றாயிற்று. போன் நம்பரை வேறு எவனுக்கோ கொடுத்துவிட்டான் கம்பெனிக்காரன். அந்த மூன்றெழுத்து ஒன்றுதான் இன்னும் நடக்கிறது. அதையும் நிறுத்துகிறேன் என்கிறாய்.

அந்த உரக்கடைக்காரர் விஷயம் எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

கந்தப்பன்


ஆத்தூர்
8.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஹங்கேரிக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. எனக்கு இல்லை, சபரிக்கு. தமிழில் எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

"அன்புள்ள சபரிநாதன், நாம் சந்தித்ததில்லை. ஏழு வருடங்களாக உங்கள் எண்களும் என் எண்களும் ஒட்டியே வந்திருக்கின்றன. இங்கே மேகம் மூடும் மாதங்களில் உங்கள் எண்ணைப் பார்த்துத்தான் அந்த நட்சத்திரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். இந்தக் குளிர்காலத்தில் நாம் விலகிப் போகிறோம். தவறு உங்களுடையது என்று சொல்லவில்லை. நீங்கள் நலமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்."

இவ்வளவுதான். நலமா என்று கேட்டிருக்கிறார்.

மில்லில் இருந்தபோது படித்தேன். பில் புத்தகத்தை மூடிவிட்டுப் பின்பக்கம், ஜவ்வரிசி காயப் போடும் களத்துக்குப் போய் நின்றேன். வெயிலில் கண் கூசியது. போன வைகாசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் மாமா எனக்கு அழுகை வந்தது. ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷன் அவரை நலமா என்று கேட்கிறார், பதில் சொல்ல அவர் இல்லை.

சாயந்தரம் நானே பதில் எழுதினேன். சபரிநாதன் இறந்துவிட்டார், நான் அவர் மனைவி, நவம்பரிலிருந்து பார்ப்பது அவருடைய அப்பா என்று எழுதினேன். "இறந்துவிட்டார்" என்று நான் எங்கேயும் எழுதியதே இல்லை. சர்ட்டிபிகேட்டில்கூட வேறு யாரோதான் எழுதினார்கள்.

உடனே பதில் வந்தது. முதலில் வருத்தம் சொல்லியிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "அப்பா எவ்வளவு நேரம் பார்க்கிறார்?"

அதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் சபரி மாடியில் என்னைப் பைனாகுலருக்குள் பார்க்க வைத்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்து கண்ணைப் பொத்தினார். "உத்துப் பாக்காத புள்ள. ஒரு பார்வை, உடனே கண்ணை எடுத்துரோணும். மறுக்காவும் ஒரு பார்வை. அவ்வளவுதான்." ஏன் என்று கேட்டேன். சிவப்பும் ஆரஞ்சும் அப்படித்தானாம். இருட்டில் விடாமல் பார்த்தால் அது கண்ணுக்குள் ஏறிக்கொண்டே போகுமாம். பக்கத்தில் இருக்கிற வெள்ளை நட்சத்திரங்கள் அப்படியே இருக்குமாம். நட்சத்திரம் ஒன்றும் பிரகாசமாகாது, பார்க்கிறவர் கண்ணில்தான் ஆகும். சூரியனைவிடச் சூடு குறைந்த, ஊதிப் பெருத்த நட்சத்திரம், அதன் இஷ்டத்துக்கு மங்கி எழும், அதை வெறித்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று சொல்லிச் சிரித்தார். நான் அப்போது அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை மாமா. உங்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?

தனப்பிரியா


கல்லுக்காடு
2.3.2025

அம்மிணி தனப்பிரியாவுக்கு,

எவ்வளவு நேரம் என்று கேட்டாய். கோழி ஷெட்டில் லைட்டு அணைந்ததும் கண்ணை வைப்பேன். கழுத்து பிடித்துக்கொள்ளும் வரைக்கும் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது கிட்டக் கிட்ட வரும். வருகிறதை எப்படி அம்மிணி பாதியில் விட்டுவிட்டுக் கண்ணை எடுப்பது?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மாடிக்குப் போகவில்லை. ஸ்டாண்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அப்புறம் உன் அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே, முருகானந்தத்தின் கோழிகளுக்கும் கேட்டிருக்கும். அவள் முறத்தில் துவரையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பொத்தினான் என்ற இடத்தில் முறத்தைக் கீழே வைத்தாள். முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. பிறகு என் முகத்துக்கு நேராக வந்து வாயை நன்றாகத் திறந்து கேட்டாள். "அந்த வெள்ளைக்காரருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்களா?" எனக்குத் தெரியாது என்றேன். நீ எழுதினால் கேட்டு எழுது.

அன்று ஷெட்டில் லைட்டு அணைந்ததும் அவளாகவே மாடி ஏறினாள். பத்து மாதமாகத் துணி காயப் போடக்கூட ஏறாதவள். நான் பைனாகுலரைத் திருப்பி வைத்துக் கொடுத்தேன். மேலே தெரிகிறது எண்பத்தெட்டு, கீழே மங்கலாக இருக்கிறது தொண்ணூற்றுமூன்று, இடது பக்கம் ஆரஞ்சாக இருக்கிறது மஞ்சக்கரு, மேலே இருக்கிறது மாதிரி இருக்கிறதா கீழே இருக்கிறது மாதிரி இருக்கிறதா பார் என்றேன்.

கண்ணை வைத்தாள். வைத்த சுருக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை அம்மிணி. அவ்வளவுதான் பார்த்தாள். தெரிந்ததா என்று கத்தினேன். தலையாட்டினாள். எனக்குக் கேட்காது என்று கையை நீட்டிக் காட்டினாள். முழங்கையைத் தொட்டு எண்பத்தெட்டு என்றாள். விரல் நுனியைத் தொட்டுத் தொண்ணூற்றுமூன்று என்றாள். அப்புறம் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, தாயத்து கட்டியிருக்கிற இடத்தில் விரலை வைத்தாள். இங்கே என்றாள்.

கணக்குப் போட்டால் 9.1 வருகிறது.

நானும் பார்த்தேன். ஒரு பார்வை, எடுத்துவிட்டேன். எடுப்பதற்குள் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆமாம், மங்கலாகத்தான் இருக்கிறது. எனக்கும் 9.1தான்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீ அவன் பேரில் அனுப்பிக்கொண்டிருந்தவரைக்கும், நான் அந்தக் காலத்தில் போவேனே அந்த மாதிரி அவனும் ரிக் வண்டியில் வடக்கே எங்கேயோ போயிருக்கிறான் என்று என்னால் இருக்க முடிந்தது. நீ கல்யாணம் பண்ணிக்கொண்டால் அந்த எண்ணை யார் அனுப்புவது, அவ்வளவுதான் என் யோசனை. உன்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. பெண்ணைக் கொடு என்று ஒரு ஊட்டில் போய்க் கேட்டவன், அந்தப் பெண் கேட்டதற்கு மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சரி என்று சொல்லு சாமி. இருக்கணும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். டம்ளரைத் தானே எடுத்து வைக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று உன் அத்தை சொல்கிறாள். வைகாசியில் சபரிக்கு வருஷத் திதி முடியட்டும், அப்புறம் தேதி வையுங்கள். நாங்கள் இரண்டு பேரும் வாரோம். எவளாவது ஏதாவது சொன்னால் இந்தத் தடவை உன் அத்தையை என் காதோரம் நிற்க வைத்துக்கொள்கிறேன்.

நான் போட்டதை எல்லாம் அவன் பேரிலிருந்து அழித்துவிடு. அவன் போட்டது மட்டும் இருக்கட்டும். இதை அவன் பேரில் ஏற்றாதே.

கந்தப்பன்


ஆத்தூர்
17.3.2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நவம்பருக்குப் பிறகு ஏற்றியதை எல்லாம் நீக்கிவிட்டேன். போன வருடம் ஏப்ரலில், மேற்கே இறங்கும் சமயத்தில் சபரி பார்த்த 8.7தான் அவர் பெயரில் இருக்கும் கடைசிப் புள்ளி. அதற்குப் பிறகு இனி ஒன்றும் வராது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது, பார்த்தேன்.

அத்தை பெயரில் புதிதாக ஒரு மூன்றெழுத்து வாங்கியிருக்கிறேன். 9.1 ஏற்றினேன். அது ஹங்கேரிக்காரருடைய புள்ளியின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது, இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. அவருக்கு எழுதினேன். மனைவி இருக்கிறாராம், மகன்கள் இரண்டு பேராம், இருவருக்கும் நட்சத்திரத்தில் ஆர்வம் இல்லையாம். அத்தையிடம் சொல்லுங்கள்.

நந்தகுமாரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமா என்று அண்ணன் கேட்டான். தெரியவில்லை என்றேன். ஆனால் இரவில் தூக்கம் வருகிறது. நந்தகுமாரிடம் மஞ்சக்கருவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் கடை பூட்டும் நேரத்தில் போன் செய்து, "அது எந்தப் பக்கம் தெரியும்"னு கேட்டார்.

ஆவணியில் வைத்திருக்கிறோம். மண்டபம் இல்லை, மலையடிவாரக் கோயிலில் பத்துப் பேரோடு. விடியற்காலை முகூர்த்தம். அந்த மாதம் அந்நேரத்துக்கு அது உச்சியில் இருக்கும் மாமா, நான் கணக்குப் பார்த்துவிட்டேன். நீங்கள் ஸ்டாண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மாலை மாற்றுவதற்கு முன்னால் கோயிலுக்குப் பின்பக்கம், விளக்கு வெளிச்சம் விழாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அத்தை பார்க்கட்டும். அப்புறம் நீங்கள். அப்புறம் நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகிறேன்.

தனப்பிரியா